அரையிறுதிக்கு முந்தின ரோல்ஸ்

டென்மார்க்கில, ஓகூஸில இருந்து கோல்டிங் போற ரயிலில, எனக்கு முன் சீற்றில ரெண்டு தமிழ்ப் பொம்பிளையள் இருந்தினம். எழுத்துத்தான் எனக்கு மட்டம், ஒட்டுக்கேக்கிறதுக்குக் காது திறம். மூத்தவ வெறும் ஐஸ்கிரீம் பெட்டியை மடியில வைச்சுக்கொண்டு சொன்னா:

"மகளின்ர ரீம் தோத்தது நான் பொரிச்ச இறைச்சி ரோல்ஸாலதான்."

"என்னக்கா விசர்க்கதை?"

"கல்லூரிப் பெட்டையளின்ர பாஸ்கெட்போல் அரையிறுதி. வெறும் வயித்தோட ஓடப்போகுதுகளே எண்டு, தொடங்க முந்தி இந்தப் பெட்டியில இருந்து ஆளுக்கு ரெண்டு குடுத்தன். போதுமெண்டுதுகள். வெக்கத்தில சொல்லுதுகளாக்கும் எண்டு இன்னும் ரெண்டு வைச்சன்."

"ஐயோ! டெனிஷ் பிள்ளையள் போதுமெண்டா போதும்தானே!"

"இப்ப விளங்குது. பிள்ளைத்தாச்சியள் மாதிரியெல்லோ நடந்துதுகள். என்ர மகள் பந்தைப் பிடிச்சுக்கொண்டு ஏவ்வெண்டு ஏவறை விட்டாள்."

"மகள் பேசினவளே?"

"நாளைக்கு வராதேங்கோ எண்டிட்டாள். மூண்டாம் இடத்துக்கான ஆட்டம். கல்லூரிக்காக அவள் விளையாடுற கடைசி ஆட்டம். பெத்த தாய்க்கு வாசல் பூட்டு."

அவவின்ர போன் அடிச்சது. மகள்தான். "ஓம், ஓம்" எண்டு கேட்டுப்போட்டு வைச்சா.

"வரட்டாம். ரோல்ஸும் கொண்டு வரட்டாம்."

"பாத்தீங்களே, கோபம் போயிட்டுது."

"எதிர் ரீமுக்குக் குடுக்கட்டாம்."