மடிப்பு விழாத காகிதம்

அங்க வேணாங்க டயானா டீச்சர், தறிக்குழி இருக்குது, கால் உள்ள போயிடும். இந்த ஸ்டூல்ல குந்துங்க. அகல்யா இல்லீங்க. முதலாளி வீட்டுக்குப் பட்டு வாங்கப் போயிருக்கா, வந்துடுவா.

எனக்கு உங்ககிட்ட பேசவே வெக்கமா இருக்குது. நான் அஞ்சாவதுங்க. மீட்டிங்குக்கு வந்தாகூட பின்னாடியே நின்னு கையெழுத்து போட்டுட்டு வந்துடுவேன், பாத்திருப்பீங்க.

ஸ்கூலுக்கா? நான் வேணாங்கலீங்க. அவதான் மாட்டேன்றா. எட்டாவதோட போதும், ஆரணிக்கு பஸ் ஏறிப் போயி படிச்சு இன்னா பண்ணப்போறேன், என் மண்டைல ஏறாதுன்றா. அந்த ஆஸ்டல் ஸ்கூல் பரீட்சைக்கு சாயங்காலம் சாயங்காலம் உக்காரவெச்சு சொல்லிக் குடுத்தீங்களே. பாஸானா லெட்டர் வரும்னு சொன்னீங்க. வரல. அன்னிலேர்ந்து புக்க தொடல. எங்கூட்டுக்காரரு நெய்யறப்ப பக்கத்துல குந்திகினு புடவக் கரைக்கு நாடாக்கட்டைய தள்றா. கை ஜல்தியா போவுது. அதப் பாத்தாதான் எனக்குப் பேஜாரா இருக்குது.

ஒரு பொண்ணு படிச்சா தெருவே மேல வரும்னு சொன்னீங்க. எங்க முள்ளிப்பட்டு தெரு அதே எடத்துலதான் இருக்குது டீச்சர்.

போன் பண்ணீங்களா? ரீசார்ஜ் பண்ணாம அந்த நம்பரே போயிடுச்சுங்க.

லெட்டர போஸ்ட்மேன் குடுத்தேன்றாரா?

வந்துச்சுங்க. மே லீவுல அவ சந்தவாசல்ல என் தங்கச்சி வீட்டுல இருந்தா. எல்லாம் இங்கிலீஷு. நோட்டு மேல எழுதுவா இல்ல, அதனால அவ பேரு மட்டும் தெரிஞ்சுது. அதையே பாத்துகினு இருந்தேன். யாருகிட்ட போயி கேக்கறது, அவளே வந்து படிக்கட்டும்னு பத்திரமா வெச்சேன். எங்கூட்டுல பத்திரமான எடம் எதுங்க? நெய்ய நெய்ய இந்தக் கட்டைல புடவ சுத்திகினே வருது பாருங்க. அதுக்குள்ள வெச்சா கசங்காது, சின்னவன் கை படாது. அவரு பாக்கல. அது மேல நெய்ஞ்சு சுத்திகினே போயிட்டாரு.

அவ வந்து பைய கூட வெக்கல, லெட்டர் வந்துச்சாம்மான்னா. வந்துச்சுன்னு நான் சொன்னா இப்பவே எடுன்னுவா. நடுவுல பிரிச்சா புடவைல கோடு விழுந்துடும், முதலாளி எடுக்கமாட்டாரு. புடவய தறிலேர்ந்து அறுக்க இன்னும் ஒரு வாரந்தான், அப்ப குடுத்துக்கலாம்னு, வரலடின்னுட்டேன்.

அறுத்து எடுத்தப்ப லெட்டர்ல ஒரு மடிப்பு கூட விழல. நம்பரு எனக்கு படிக்கத் தெரியுங்க. அன்னிக்குத்தான் கவனிச்சேன், பத்து, ஆறுன்னு தேதி இருந்துச்சு, ஜூன் பத்துக்குள்ள சேரணும் போல. நாங்க அறுத்தது பதிமூணு.

இதாங்க. அரிசி டப்பாக்கு அடில கெடந்துச்சு. இன்னா போட்டிருக்குதுன்னு சொல்லுங்க, அவளுக்கு எடம் குடுத்திருந்தாங்களா? சத்தமா வேணாம் டீச்சர். தெருமுனைல வந்துகினு இருக்கா.