கடலை விதைப்புக்கு முன் ஒரு பொங்கல்

ஒடுகத்தூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து ஒரு கேள்வி என் காதில் விழுந்தது.

“சாமிக்கு முன்னாடி நீ சாப்புடக் கூடாது. சாமிக்கு அப்புறம் நீ சாப்புட மாட்ட. பின்ன எப்பதான் பாய் சாப்புடுவ?”

கேட்டவர் பெயர் மணி. அவரும் பக்கத்தில் இருந்த பாயும் கூட்டாகக் கடலை போடுகிறவர்கள். விதைக்கும் முன் காட்டுக்குள் இருக்கும் சாமிக்கல்லுக்குப் பொங்கல் வைப்பது அவர்கள் வழக்கம்.

“இத்தினி வருஷம் தின்னியே?”

“தெரியாம தின்னேன் மணி. படைச்சதத் தின்னக் கூடாதுன்னு பள்ளிவாசல் அஜரத் சொல்லிட்டாரு.”

“காட்டுல அடுப்பு மூட்டுனா கேஸுன்னு ஃபாரஸ்ட் கார்டு சொல்றாரு. நீ சோறே வேணான்ற. ஒண்ணா பயிர் வெச்சிட்டு தனித்தனியா தின்னா மனசு ஒப்புமா?” என்றார் மணி.

பாய் இரண்டு விரலைக் காட்டினார்.

“நம்ம நிலத்துலயே ரெண்டு பானை வெச்சிடலாம். ஒண்ண நீ கல்லுக்கு எடுத்துனு போய் படை. இன்னொண்ணு படைக்காம இருக்கட்டும். நீ வந்ததும் ஒண்ணா குந்தி தின்னலாம்.”

“அப்ப கேஸும் இல்ல!” என்று மணி உரக்கச் சிரித்தார்.

அவர்களுக்கு முன்னால் இருந்த காக்கிச் சட்டைக்காரர் திரும்பினார். இருவரும் பதறி, “கார்டு சார்!” என்றார்கள்.

“நிலத்துல மூட்டுனா எனக்கு இன்னா? நெருப்ப நல்லா அணைச்சிடுங்க. பொங்கலுக்கு நானும் வர்றேன். ஆனா எனக்கு சுகர், வெல்லம் ஆகாது.”

“இன்னா மணி,” என்றார் பாய், “மூணாவது பானை இருக்குதா?”