வடதிடலுக்கு ஏழு கை

— அந்த நம்பரைத்தான் காலையிலேயே எடுத்துட்டேனே சார். நீங்க பக்கத்துல நின்னுதானே பார்த்தீங்க.

— எடுத்துட்டேல்ல பூவிழி, அப்புறம் ஏன் அம்சம் இப்படிக் கத்துது? போனை ஸ்பீக்கர்ல போடு. அம்சம், இப்ப சொல்லு. வடதிடல்ல என்ன?

— என்னவா? மீரா உசேன் பாய், கீழ்வேளூர்ல உங்க நெட் கம்பெனி ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து கேட்டா எப்படித் தெரியும்? என் இ-சேவை மையத்து வாசலுக்கு வந்து பாருங்க. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு பதிய இன்னைக்குத்தான் கடைசி நாள். ஊரே நிக்குது. வி.ஏ.ஓ. கொடுத்த அடங்கல் சான்றை ஸ்கேன் பண்ணி ஏத்தினா பாதியில நின்னுபோகுது. பஞ்சநதம் அண்ணனுக்கு ஓ.டி.பி. வந்து, அதை நான் அடிக்கிறதுக்குள்ள பக்கமே செத்துப்போகுது.

— நெட் சுத்தமா இல்லையா அக்கா?

— யாரு, இன்னைக்கு வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர் பாப்பாவா? சுத்தமா இல்லைன்னாத்தான் வேற மையத்துக்குப் போங்கன்னு அனுப்பிப்புடுவேனே. வருது, போகுது. பொண்ணு பார்க்க வர்றேன்னு சொல்லிட்டு வராத மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கணக்கா.

— காலையில நான் சோதிச்சப்போ நல்லா இருந்துச்சே.

— காலையில கடையில நானும் பூனையும்தான் இருந்தோம். பூனைக்குக் காப்பீடு கிடையாது பாப்பா.

— கேட்டுக்க அம்சம், பயப்படாதே. இத்தனை நாள் உனக்கு நெட் ஊரெல்லாம் சுத்தித்தான் வந்துச்சு. இப்ப நம்ம டவர்லேர்ந்து நேரா, காக்கா பறக்கிற வழியில வருது. ரெண்டே கை. செட் ஆக கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்.

— கையா? அது என்ன பாய் கை?

— பூவிழி, நீ சொல்லும்மா. எனக்குத் தெரியும், ஆனா சொல்ல வராது.

— அக்கா, வழியில ஒவ்வொரு ஊர்லயும் நம்ம ரவுட்டர் பெட்டி ஒண்ணு இருக்குல்ல, அது பக்கத்துப் பெட்டிகிட்ட மட்டும்தான் விசாரிக்கும். வடதிடலுக்குப் போக இன்னும் எத்தனை கை மாறணும்னு. ஒருத்தன் ஏழும்பான், ஒருத்தன் ரெண்டும்பான். எது கம்மியோ அந்தப் பக்கம் தள்ளிவிட்டுடும். பாதை நல்லதா, நொண்டியான்னு அதுக்குத் தெரியாது.

— மூணாம் மனுஷன் பேச்சைக் கேட்டுச் சம்பந்தம் பேசுற மாதிரி.

— அதேதான். டவர் வழியா வந்தா ரெண்டு கை. தரையில ஃபைபர் கேபிள் வழியா வந்தா அஞ்சாறு ஊரைச் சுத்தி ஏழு கை. இதுக்கு முன்னாடி இருந்தவர் டவர் பாதையில ஆறுன்னு ஒரு நம்பரைக் கூட்டி வச்சிருந்தார். ரெண்டை எட்டுன்னு பெட்டிங்களை நம்ப வச்சிருந்தார். அதனால எல்லாம் ஃபைபர்லயே போச்சு. அந்த ஆறைத்தான் நான் காலையில எடுத்தேன்.

— பொய் சொல்ல வச்சிருந்தான்னு சொல்லு. அந்த டவருக்கு என் வீட்டுக்காரி பேரு வச்சிருக்கேன். கமருன்னிஸா டவர். ஃபாஜில் மச்சான் துபாய்லேர்ந்து வந்தவன், நம்ம நெட்வொர்க் மேப்பைப் பார்த்துட்டுச் சிரிக்கிறான். ரெண்டு தாவல்ல போற இடத்துக்கு ஏன் மச்சான் ஏழுங்கிறான். எனக்கு எப்படி இருக்கும்? அதான் அன்பரசனை வீட்டுக்குப் போன்னுட்டேன்.

— அன்பு தம்பியை நிறுத்திப்புட்டீங்களா பாய்? எப்ப?

— தீபாவளிக்கு முன்னாடியே. இப்ப கும்பகோணத்துல ஏதோ பாத்திரக் கடையில கம்ப்யூட்டர் பார்க்கிறானாம்.

— நல்லா இருக்கு நியாயம். அது இருந்தப்போ ஒரு போன் போட்டா போதும். அக்கா, டீயைக் குடிங்க, ஆறுறதுக்குள்ள வரும்னு சொல்லும். வந்துடும்.

— சார், ஒண்ணு கேட்கணும். ஏன் நம்பர் கூட்டினேன்னு அவர் உங்ககிட்ட சொல்லவேயில்லையா?

— சொன்னான். வயல்ல தண்ணி நிக்குது சார்ன்னான். தையில எடுத்துடறேன்னான். கேட்டுக்க, வானத்துல போற சிக்னலுக்கும் வயல்ல நிக்கிற தண்ணிக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்டேன். சாவியை மேசையில வச்சுட்டுப் போயிட்டான்.

— வயல்ல தண்ணியா?

— ஏம்மா, ஜன்னல்கிட்ட ஏன் போற? கம்ப்யூட்டர் இங்க இருக்கு.

— டவர்லேர்ந்து வடதிடல் வரைக்கும் நடுவுல வயல்தானே சார்? வேற ஒண்ணும் இல்லையே?

— வயல்தான். கண்ணுக்கெட்டின தூரம் வயல். அதனாலதான் அங்கே டவர் போட்டேன். மறைக்க ஒரு தென்னை மரம் கிடையாது.

— அக்கா, நட்ட பயிர் தலை தூக்கிடுச்சா?

— எங்க? இது கடைமடை பாப்பா. தண்ணி எங்களுக்குக் கடைசியாத்தான் வந்துச்சு. நட்டு முடிச்ச கையோட மழையும் பிடிச்சுக்கிச்சு. வயலெல்லாம் கண்ணாடி கணக்கா கிடக்குது, பயிர் ஊசி ஊசியா தெரியுது.

— கண்ணாடிதான் அக்கா. அதேதான். சார், டவர்லேர்ந்து நேரா ஒரு சிக்னல் போகுதுல்ல, அதே சிக்னல் தண்ணியில பட்டு எகிறியும் போகுது. ரெண்டும் அங்க போய் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்குது. பெரிய கல்யாண மண்டபத்துல மைக்ல பேசினா எதிரொலியில ஒரு வார்த்தையும் விளங்காதே, அது மாதிரி. பயிர் மூடிட்டா தண்ணி தெரியாது, எகிறாது. அறுவடை ஆகிக் காஞ்சு கிடந்தா கேட்கவே வேணாம்.

— கோடையில குதிரை மாதிரி ஓடும் என் டவர்.

— அதான் தையில எடுத்துடறேன்னிருக்கார். வயல்ல தண்ணி பாய்ஞ்சா கூட்டியிருக்கார், வத்தினா குறைச்சிருக்கார். வருஷா வருஷம். நான் திருவாரூர்ல படிச்சேன், சென்னையில வேலை பார்த்தேன். நம்பரை இப்படிக் கூட்டலாம்னு எல்லாரும் சொல்லிக்கொடுத்தாங்க. நடவைப் பார்த்துக் கூட்டணும்னு ஒருத்தரும் சொல்லலை.

— பாப்பா, நீ பாராட்டு விழாவை அப்புறம் வச்சுக்க. சாயங்காலம் வெப்சைட்டை மூடிப்புடுவான். போன தடவை மழையில பஞ்சநதம் அண்ணனுக்கு ஒரு நெல்மணி கூட மிஞ்சலை. அதுக்கப்புறமும் கடன் வாங்கி நட்டிருக்காரு.

— உன் வயலுக்குப் பதிஞ்சுட்டியா அம்சம்?

— வாசல்ல இத்தனை பேர் நிக்கிறப்போ எனக்கு முதல்ல போட்டுக்குவேனா பாய்? எல்லாருக்கும் போட்டுட்டுத்தான் எனக்கு. இருங்க, இன்னொரு போன் வருது. உங்க லைனை வைக்கிறேன், சீக்கிரம் பண்ணுங்க.

— வச்சுடுச்சு. பூவிழி, சரி, போடு நம்பரை. ஆறு என்ன ஆறு, பத்தாப் போட்டுடு. அந்தப் பக்கமே எதுவும் போகவேணாம்.

— பத்து கூடாது சார்.

— ஏன்? கூடப் போட்டா பத்திரம்தானே?

— வடதிடலோட முடியலையே சார். அதைத் தாண்டி உப்புத்திடல் வரைக்கும் இன்னும் ஏழு கை இருக்கு. ஃபைபர் நல்லா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. வாய்க்கால் தூர்வார வந்த ஜே.சி.பி. கேபிளை இழுத்துப்போட்டா?

— போடுவான். வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் போடுவான்.

— அப்ப டவர்தான் கைகொடுக்கணும். நொண்டியா இருந்தாலும் ஒண்ணுமில்லாததுக்கு அது மேல். இந்தப் பழைய முறையில பதினஞ்சு கை வரைக்கும்தான் கணக்கு. பதினாறுன்னு வந்துட்டா அப்படி ஒரு ஊரே இல்லைன்னு பெட்டிங்க முடிவு பண்ணிடும். நீங்க பத்துப் போட்டா வடதிடலே பன்னிரண்டு. அதுக்கு அந்தாண்ட பாதி ஊர் காணாமப் போயிடும்.

— அப்ப குறைச்சுப் போடு. அஞ்சு?

— அஞ்சு போட்டா டவர் ஏழு, ஃபைபரும் ஏழு. ரெண்டும் சமம்னு பாதியை இந்தப் பக்கம், பாதியை அந்தப் பக்கம் அனுப்பும். அம்சம் அக்காவோட அடங்கல் பாதி வந்து பாதி வராது.

— ஏழு?

— ஒன்பது ஆகும். அதுக்கு மேல உப்புத்திடலுக்கு ஏழு. கூட்டிப் பாருங்க.

— பதினாறு. உப்புத்திடல் போச்சு.

— ஆறு போட்டா எட்டு. உப்புத்திடலுக்குப் பதினஞ்சு. விளிம்புல நிக்குது, ஆனா நிக்குது. அஞ்சும் ஆகாது, ஏழும் ஆகாது சார். இந்த ஒரு நம்பர்தான் இங்க பொருந்தும். கடைசி ஊரு வரைக்கும் எண்ணிப் பார்த்துட்டுப் போட்டிருக்கார். நான் காலையில அதைக் குப்பைன்னு நினைச்சு அழிச்சேன்.

— நான் அழிக்கச் சொன்னேன், நீ அழிச்சே. அதை உன் தலையில போட்டுக்காதே.

— அவர் செஞ்சு வச்சதை மூணு பெட்டியில பார்த்தேன், எங்கேயும் ஒரு தப்பு இல்லை. ஊருக்குப் பக்கத்துலயே வேலைன்னுதான் சென்னையை விட்டுட்டு வந்தேன். ஆனா அவர் இருந்தா இந்த ஆபீசுக்கு நான் தேவையே இல்லை. என் வேலைக்கு நானே உலை வச்சுக்கிறேன்னு தெரியுது, ஆனாலும் சொல்றேன். அவரைத் திரும்பக் கூப்பிடுங்க.

— எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடறது? என்னோட சிங்கப்பூர் செகண்ட் ஹேண்ட் பெட்டிங்களை வச்சுக்கிட்டு இவ்வளவு பண்ணியிருக்கான். நான் அவனை மேப் வரையத் தெரியாதவன்னு சொல்லி, எல்லார் முன்னாடியும்... சரி, அதை விடு.

— சார், நான் பெட்டிக்குள்ள லாகின் பண்ணணும், வெளிய வந்துட்டேன். பாஸ்வேர்ட் திரும்பச் சொல்லுங்க.

— டவர் பேருதான்.

— கமருன்னிஸா? அவர் இருந்தப்பவும் இதேதானா? அவர் போனப்புறம் மாத்தலையா?

— வீட்டுக்காரி பேரை யாராவது மாத்துவாங்களாம்மா? நிக்காஹ் ஆன நாளா அதே பேருதான்.

— பாய், பாய். திரும்ப நான்தான், அம்சம்.

— கேட்கிறேன், சொல்லு.

— ஏறிப்போச்சு பாய். பஞ்சநதம் அண்ணனோட அடங்கல் ஏறிப்போச்சு, ஓ.டி.பி.யும் எடுத்துக்கிச்சு. இந்தா, ரசீது வருது. அடுத்த ஆளுக்கும் ஓடுது. ஒரு தடவைகூடச் சுத்திக்கிட்டு நிக்கலை.

— பார்த்தியா. கேட்டுக்க அம்சம், நேத்து வரைக்கும் என்ன பயந்தேன் தெரியுமா, யாரு இந்த நெட்வொர்க்கைப் பார்க்கப்போறாங்கன்னு. இந்தப் பொண்ணு முதல் நாள்லயே...

— சார்.

— இரு பூவிழி, பெருமையாத்தான் பேசறேன். அம்சம், இனிமே நீ யாருக்கும் போன் போடவேணாம், பூவிழிக்கே போடு.

— நான் யாருக்கும் போடலை பாய். அன்பு தம்பிதான் கூப்பிட்டுச்சு. இன்னைக்குக் கடைசி நாளாச்சே, வயல்ல தண்ணி நிக்குதா அக்கான்னு கேட்டுச்சு, நிக்குதுன்னேன். டீயைக் குடிங்கன்னுட்டு வச்சுடுச்சு. பாப்பா, நீ நல்லா இருக்கணும். நீதானே போட்டே?

— இல்லை அக்கா. நான் இப்பத்தான் உள்ள வர்றேன். இங்க ஏற்கனவே ஆறு உட்கார்ந்திருக்கு.