ஹெல்மெட் வைத்த இடத்தில் இருந்த காதுக்குழல்

"இந்தத் துருப்பிடிச்ச புனலைத் திருடி யாருக்கு என்ன லாபம்?" என்று காவல் ஆய்வாளர் கேட்டதற்கு நான் கூறும் விவரமாவது:

எனக்கு வயது எழுபத்தொன்று. நூலகத்துக்கு எதிர்வீட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். 'சாக்பீஸ் சார்' என்றால்தான் ஊரில் தெரியும். நூலக மாடியில் உள்ள ஊர் வரலாற்று அறையைக் கவனித்துவருகிறேன். அங்கே வெள்ளத்தில் மிதந்து வந்த கதவு, பல் வைத்தியர் பிடுங்கிச் சேர்த்த பற்கள் நிறைந்த ஜாடி முதலியவை உள்ளன. ஆய்வாளர் மேசையில் இருந்தது புனல் அல்ல, தகரக் காதுக்குழல். சிறிய வாயைக் காதில் வைத்தால், பெரிய வாயில் பேசுவது தெளிவாகக் கேட்கும். தகர வேலைக்காரர் ஒருவர் காது மந்தமான தம் மனைவிக்குச் செய்து கொடுத்தது. அந்த அம்மாவுக்குக் காது மெஷின் வந்த பிறகு மகள் அதை எங்களுக்குத் தந்தார். அந்த மகள்தான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா.

கொடுத்த வீட்டார் தேவைப்பட்டால் பொருளை எடுத்துப்போகலாம், அந்த இடத்தில் தம் பொருள் ஒன்றை வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வகுப்பில் காம்பஸ் இரவல் வாங்கும் பிள்ளை தன் ரப்பரைக் கொடுத்துவைப்பதை உதாரணமாகச் சொல்லலாம்.

இன்று காலை தையல்காரம்மா வந்தபோது நான் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். அவர் தம் ஹெல்மெட்டை வைத்துவிட்டுக் குழலுடன் ஸ்கூட்டரில் கிளம்பியிருக்கிறார். அதன் பிறகு, ஹெல்மெட் இல்லையென்று போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, குழலில் ஒட்டியிருந்த எங்கள் அறையின் சீட்டைக் கண்டு, திருட்டென்று இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்திருக்கிறார். "ஹெல்மெட் எங்கம்மான்னா, மியூசியத்துல இருக்குங்குது சார். நான் என்னத்த நினைக்கிறது?" என்றார் காவலர். தகவல் தெரிந்து இங்கே வந்த நான் எங்கள் அறையின் புதிய காவலாளிக்குப் போன் செய்தேன். "ஆமா சார், இங்கதான் இருக்கு. எந்தச் சண்டையில போட்டதுன்னு வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க" என்றார்.

தையல்காரம்மா கழுத்திலிருந்து இன்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருக்கிறார். மருத்துவமனையில் இருக்கும் தாயாரின் காது மெஷின் பழுதாகிவிட்டது. மாலைக்குள் அவருடைய ஒரு காலை அறுவை செய்து எடுக்க வேண்டுமாம். "அம்மாவுக்குச் சொல்லாம நான் எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்? கண்ணு முழிச்சு கால் எங்கடின்னு கேட்டா?" என்று என்னிடம் கேட்டார்.

ஆகவே இது திருட்டு அல்ல. குழலை வழக்குச் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் இப்போதே அவரிடம் தரும்படி கேட்டுக்கொண்டேன். ஆய்வாளர் எழுந்து போய் அதை அவர் கையிலேயே கொடுத்தார். நிறுத்திய காவலரே தம் ஹெல்மெட்டைக் கழற்றி, "போட்டுக்கிட்டுப் போம்மா" என்று நீட்டினார். துருப்பிடித்த தகரத்தையும் ஊர்ச் சொத்தென்று மதித்த முதல் ஆள் அவர். அவருக்கும், வழக்கு எழுதுமுன் காது கொடுத்த ஆய்வாளருக்கும், கண்ணாடிக்குள் கிடந்த பொருளை மறுபடி வேலைக்கு அழைத்த தையல்காரம்மாவுக்கும் நன்றி கூறுகிறேன்.

எனக்கும் காது மந்தம். அதுவரை மேசையில் இருந்த குழலை எடுத்துவைத்துத்தான் கேட்டுவந்தேன். அது போய்விட்டதால், எழுத்தர் ஒரு தாளைச் சுருட்டி என் காதில் வைத்து இதைப் படித்துக் காட்டினார். ஒரு சொல்லும் தப்பாமல் கேட்டேன், அத்தனையும் உண்மை என்று ஒப்பமிடுகிறேன். இதை வாசிப்பவர் நம்பாவிட்டால், ஒரு தாளைப் புனல்போலச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரை மெல்லப் பேசச் சொல்லிப் பார்க்கலாம்.