பொறியின் கடைசிக் குறை

எனக்குப் பன்றி இறைச்சி அவ்வளவாகப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால், ஏதோ சாப்பாட்டு ஆசையில் இறங்கிய வேலை என்று நினைத்துவிடுவீர்கள். தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னதற்கு நன்றி. இந்த வயதில் ஆங்கிலத்தில் யோசிக்கத் தொடங்கினால் தலை வலிக்கிறது.

என் பெயர் செல்வரட்ணம். சொந்த இடம் மன்னார். இப்போது கனடாவில், மல்வேர்ன் என்ற இடத்தில் மனைவி வேரோனிக்காவோடு இருக்கிறேன். பாண் சுடும் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பிக்கரிங்குக்கு வடக்கே றொபேட் என்ற வெள்ளைக்காரப் பெரியவரின் காணியில் ஒரு துண்டு எடுத்து வெண்டியும் மிளகாயும் பூசணியும் போட்டேன். விளைச்சல் பெரிய விஷயமில்லை. வீட்டை விட்டு வெளியே இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. வீட்டில் மரியோ இருந்தான்.

மரியோ என் மனைவியின் தம்பி. அவனைக் கனடாவுக்குக் கூப்பிட்டதே நான்தான். வந்த நாளிலிருந்து எங்கள் பேஸ்மென்ற்றில்தான் இருந்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். குடிப்பதில்லை, தேவாலயத்துக்கு ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவான், அக்காவுக்கு வேளைக்கு மருந்து எடுத்துக் கொடுப்பான். ஆனால் நான் எதைச் செய்தாலும் பக்கத்தில் வந்து நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்து, "அத்தான், உது சரிவராது" என்பான். பனி தள்ளினால் தள்ளிய பக்கம் பிழை. கார் நிறுத்தினால் நிறுத்திய விதம் பிழை. மீன் வெட்டினால் கத்தி பிடித்த கை பிழை. இதில் கொடுமை என்னவென்றால், அவன் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கும். "அவன் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோவனப்பா" என்று வேரோனிக்காவும் சேர்ந்துகொள்வாள். நானும் கேட்டேன். வருடக் கணக்காகக் கேட்டேன்.

கோடை முடிகிற நேரத்தில் காட்டுப்பன்றிகள் வந்தன. எங்கோ பண்ணையை உடைத்துக்கொண்டு போய்ப் பெருகியவை என்றார் றொபேட். பூசணிப் பாத்தியை ஏர் பூட்டி உழுதது போலக் கிளறிவிட்டுப் போயிருந்தன. அவர் அரசாங்கத்துக்கு அறிவிப்போம் என்றார். பொறுங்கள், நான் பிடித்துக் காட்டுகிறேன் என்றேன். அந்த ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோருக்கும் பங்கு இறைச்சி என்று எங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். ஒரு மிருகத்தை வெட்டி வீட்டுக்கு ஒரு கூறாகப் பிரித்துக் கொடுப்பதைத்தான் பங்கு என்போம். எங்கள் ஆட்களில் கிளிபோட் என்பவன் அங்கேயே தனக்கு ஈரல் வேண்டும் என்றான். அன்றைக்கு எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் பொறியைப் பழைய பலகைகளால் செய்தேன். உள்ளே ஊறவைத்துப் புளித்த சோளம், அதில் ஒரு கயிறு, கயிறு இழுபட்டால் விழுகிற கதவு. மரியோ வந்து பார்த்தான். தானே பன்றி என்று சொல்லி நாலு காலில் தவழ்ந்து உள்ளே போனான், உறுமினான், கயிற்றை இழுத்தான். கதவு விழுந்தது. தோளால் ஒரு தள்ளுத் தள்ளிப் பலகையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, "அத்தான், உது கோழிக்கும் காணாது" என்றான்.

பலகையை எடுத்துவிட்டு இரும்புக் கம்பி வலை போட்டேன். "பண்டி மூக்காலேயே கிண்டிக்கொண்டு போயிடும்" என்றான். வலையைத் தரைக்கும் விரித்தேன். "மூலையில ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிப் பாய்ஞ்சிடும்" என்றான். மேலேயும் மூடினேன். "குட்டியள் பூந்து போயிடும்" என்றான். கைகூட நுழையாத சின்னக் கண் வலையாக மாற்றினேன். கதவை அவன் தலையால் முட்டித் தூக்கிக் காட்டியதால், தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும் இரும்புத் தாழ் வைத்தேன். அதை வெளியிலிருந்துதான் திறக்கலாம். கயிறு வாசலுக்குக் கிட்ட இருக்கிறது, முதல் பன்றியோடு கதவு விழுந்தால் மற்றவை ஓடிவிடும் என்றான். கயிற்றைப் பின்மூலைக்குக் கொண்டுபோனேன்.

ஒவ்வொரு ஞாயிறும் கோப்பி மேசையில் அவன் இந்தக் கதையைத் தவழ்ந்து காட்டுவான். "அத்தான்ர பொறியில இதுவரைக்கும் விழுந்த ஒரே பண்டி நான்தான்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். வேரோனிக்கா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் களைத்துப் போனேன்.

பன்றி விழவேயில்லை. உள்ளே மனித வாடை அடித்தால் அவை கிட்டவும் வராது, யார் இதற்குள் போய் வருவது என்று ஒருநாள் றொபேட் கேட்டார். வீட்டுக்கு வந்து மரியோவிடம் சொன்னேன். அவன் கண்டுபிடிக்காத ஒரே குறை அது. அவன் தலையைச் சாய்த்து, "உவருக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

நவம்பர் கடைசியில் ஒரு பின்னேரம் இருவரும் போனோம். றொபேட் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மரியோ மெல்லிய ஜாக்கெட்டோடு வந்திருந்தான். அவனுடைய போன் காரில் சார்ஜில் கிடந்தது. இதெல்லாம் நான் திட்டமிட்டதல்ல. அவன் வழக்கம்போலத் தவழ்ந்து போனான், உறுமினான், பின்மூலையில் கயிற்றை இழுத்தான். கதவு விழுந்தது. தாழ் விழுந்தது.

அவன் தோளால் தள்ளினான். தலையால் முட்டினான். மல்லாந்து படுத்துக் காலால் உதைத்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து, கையைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அத்தான், இப்பதான் சரி. இனி ஒண்டும் வெளியில போகாது."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கல்யாண நாளில்கூட நான் அப்படி இருக்கவில்லை. "திறவுங்கோ அத்தான், குளிருது" என்றான். தாழில் கை வைத்தேன். அவன் கதவின் மேல்பக்கத்தைப் பார்த்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்தான்.

"ஆனா அத்தான்..." என்று தொடங்கினான்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

காருக்கு நடந்தேன். பின்னால் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். முதலில் சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டான். ஹீற்றரைப் போட்டதும் சத்தம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, பார்க்டேலில் இருக்கும் ஒரு சிநேகிதனோடு போய்விட்டான் என்று வேரோனிக்காவிடம் சொன்னேன். அவள் அவனுடைய சாப்பாட்டைக் கோப்பையால் மூடி வைத்தாள். அன்றிரவு நன்றாகப் பனி கொட்டியது. நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் திறக்கத்தான் போனேன் என்று விசாரணையில் உங்களிடம் முதலில் சொன்னேன். அது பொய். அவன் சத்தம் போடுகிறானா என்று கேட்கத்தான் போனேன். போடவில்லை.

நான்தான் செய்தேன். அவனோடு எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அவன் கடைசியாகச் சொல்ல வந்தது என்ன என்பதுதான் மனதை அரிக்கிறது. உங்கள் ஆட்கள் பொறியை அளந்து, படம் பிடித்துக்கொண்டு போனார்களாம். அவர்களை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குறை எதுவும் இருக்காது. இருந்திருந்தால் மரியோ வெளியே வந்திருப்பான்.