வேனை விட்டு இறங்குங்க

ஹலோ… ஆங், சொல்லுங்க. எங்க இருக்கீங்க… இன்னும் வேன்லயா? கார்ல வாங்கனு சொன்னேன், கடை வேனை எடுத்துட்டு வந்து அதுக்குள்ளயே உட்கார்ந்துட்டீங்க… ஆமா… ஆமா, மெதுவாத்தான் பேசுறேன். பொம்பளைங்க ரூமுக்கு வெளிய படிக்கட்டுல நிக்கிறேன். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க அம்பாங்லேர்ந்து வந்து இறங்கியாச்சு. நிக்காஹ் நடத்த தோக் காடியும் வந்துட்டாரு. "பொண்ணோட அத்தா எங்க, மஜீத் பாய் எங்க"னு ஆளாளுக்குக் கேக்குறாங்க. பார்க்கிங் தேடுறாருனு சொல்லி வச்சிருக்கேன். எவ்வளவு நேரந்தான் தேடுவீங்க.

…என்னது? திரும்பச் சொல்லுங்க.

…தோக் காடியே உங்களுக்குப் பதிலா சொல்லி முடிச்சு வைக்கட்டுமா. ம்… ஆமாங்க, நிறைய பேரு அப்படித்தான் செய்றாங்க, நான் இல்லைங்கல. ஆனா ஷிரீன் என்ன சொன்னா? "என்னைய என் அத்தா வாயாலதான் கட்டிக் குடுக்கணும்"னு சொன்னா. நீங்களும் தலையை ஆட்டுனீங்க. மலாய்ல, 'உனக்கு நிக்காஹ் செஞ்சு குடுக்குறேன்'ங்கிற அந்த ஒரு வரியை வச்சுக்கிட்டு, "அக்கு நிகாஹ்கான் டிகாவ்… அக்கு நிகாஹ்கான் டிகாவ்"னு பாத்ரூம்ல நின்னு நின்னு, எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. இப்ப வேணாம்னா நீங்களே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.

…சரி. சரி, கோவப்படாதீங்க. என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க. நனைஞ்சிருச்சா… நனையல. அப்புறம்… எரியுதா. எங்க, தொடையிலயா… ரெண்டு பக்கமுமா.

இருங்க. எத்தனை மாட்டியிருக்கீங்க?

…ஏங்க, எத்தனைனு கேட்டேன்.

…ரெண்டா. ஒண்ணு மேல ஒண்ணா. யா அல்லாஹ். நான் ஒண்ணுதானே எடுத்துக் கட்டில் மேல வச்சேன், அந்த மெல்லிசு, துணி மாதிரி இருக்குமே… அது தாங்காதுனு யாரு சொன்னது… சரி, ரெண்டு பேம்பர்ஸ். அதுக்கு மேல ஜட்டி. அதுக்கு மேல சிலுவார் பேன்ட். அதுக்கும் மேல சம்மந்தி வீட்ல குடுத்த சாம்பிங், ஜரிகை போட்டு இடுப்புல சுத்துனா அதுவே கம்பளி கணக்கா இருக்கு. கிள்ளான் வெயிலுக்கு ஸ்கூல் பிள்ளைங்களையே திடலுக்கு விட வேணாம்னு சொல்லியிருக்காங்க. நீங்க உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கீங்க.

…பவுடரா. எவ்வளவு… டின்ல பாதியா. வேர்வையில அது மாவாப் பிசைஞ்சிருக்கும். அதாங்க அறுக்குது.

தண்ணி குடிச்சீங்களா… சுபுஹுக்கு முன்னாடி குடிச்சதா? இன்னைக்கு என்ன நோன்பா? …குடிச்சா வரும்னு பயம். குடிக்காட்டித்தாங்க இன்னும் எரியும், வாடையும் வரும். ஆஸ்பத்திரி மிஸ்ஸி அத்தனை வாட்டி சொன்னாங்க. அங்கயும் நல்லா தலையை ஆட்டுனீங்க.

…நான் கத்தலைங்க. அசதியா இருக்கு, அதான் குரல் இப்படி வருது… ஆமா… ஆமா. ஆபரேஷன் ஆகி அடக்க முடியாமப் போனதுலேர்ந்து உங்களுக்கு மட்டுமா தூக்கம் இல்ல. பெட்ஷீட்டை யாரு அலசுறா? ஏன் மஜீத் பாய் கடைக்கு வரதில்லைனு கேட்டா, முட்டி வலி, முட்டி வலினு யாரு பொய் சொல்றா? மகன் ஷபீருக்குத் தெரியக் கூடாது, ஷிரீனுக்குத் தெரியக் கூடாது, என் தங்கச்சி நாஜியாவுக்குக்கூடத் தெரியக் கூடாது. பேம்பர்ஸ்ங்கிற பேரையே வீட்ல சொல்லக் கூடாது, "அது"னு சொல்லணும். கல்யாண வேலையும் பார்த்து இதையும் மறைச்சு… எனக்கும் முடியலைங்க. நிஜமாவே முடியல.

…

…நல்லா இருக்கு. பொண்ணு நிக்காஹ் அன்னைக்குச் சாவைப் பத்திப் பேசுங்க. உங்களுக்கு மட்டுந்தான் உலகத்துல இப்படினு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. மூணு பிள்ளை பெத்தவ நான், தும்முனா எனக்கும் ரெண்டு சொட்டு வரத்தான் செய்யுது… ஆமா, ரொம்ப நாளா… சொல்லல. சொன்னா நீங்க என்ன செய்யப் போறீங்க. தும்மல் வந்தா காலை ஒட்டி வச்சுக்கிட்டு நிப்பேன், அவ்வளவுதான்.

…சிரிக்கிறீங்களா. சிரிங்க. இன்னைக்கு இப்பத்தான் சிரிப்புச் சத்தம் கேக்குது.

…வரேன் நாஜியா, வரேன். பார்க்கிங் கிடைச்சிருச்சாம். நீ போய் அவங்களுக்கு சிராப் தண்ணி குடு லா, நான் வந்துர்றேன்… ஹலோ, இருக்கீங்களா. நான் சொல்றதைச் செய்யுங்க. ஏர்கான் ஓடுதுல்ல? பின்னாடி போங்க… யாரு பார்க்கப் போறா, பின்பக்கம் கண்ணாடியே இல்லாத வேனு. ரெண்டையும் கழட்டுங்க. மல் துணி கட்டு இருக்கும் பாருங்க, அதுல கொஞ்சம் கிழிச்சு… விக்கிற துணிதான், கிழிங்க. ஊருக்கெல்லாம் பருத்தித் துணி வித்துட்டு நீங்க மட்டும் பிளாஸ்டிக்கைச் சுத்திக்கிட்டு கிடக்கீங்க. தண்ணியில நனைச்சு அந்தப் பவுடரையெல்லாம் எடுங்க. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க… ஆமா… ஆமா, அப்படித்தான். இப்பக் கொஞ்ச நேரம் காத்துப் படட்டும். எதையும் மாட்டாதீங்க. பாட்டில்ல மிச்சம் இருக்கிறதைக் குடிங்க… முழுசும் குடிங்க.

…வைக்க மாட்டேன். நான் இங்கயேதான் இருக்கேன்.

…

இங்கேர்ந்து ஷிரீன் தெரியுறா. மருதாணிக் கையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. யாரு என்ன பேசினாலும் காதுல வாங்கல, வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கா… அழல. பார்த்துக்கிட்டு இருக்கா, அவ்வளவுதான்.

…காஞ்சிருச்சா. கிரீம் இருக்கா? கொஞ்சமா, தோசைக்கல்லுல எண்ணெய் தடவுற மாதிரி. அப்பிடாதீங்க. இப்ப முன்னாடி, டேஷ்போர்டு டிராயரைத் திறங்க. நம்ம கடைப் பையில சுத்தி ஒண்ணு வச்சிருக்கேன்… நான்தான் வச்சேன், கார்லயும் ஒண்ணு, வேன்லயும் ஒண்ணு. இப்படி ஏதாவது செய்வீங்கனு தெரியும். அது ஒண்ணு போதும். இறுக்கி ஒட்டாதீங்க, தொடைகிட்ட விளிம்பு மடங்காம விரலை விட்டுச் சுத்திப் பாருங்க… சிலுவார் வேணாம். புதுக் கைலிக் கட்டுலேர்ந்து வெள்ளையா ஒண்ணு உருவிக் கட்டுங்க. சாம்பிங்கை வேன்லயே விடுங்க… சம்மந்தி கேட்டா முட்டி வலினு சொல்லுங்க, பழகுன பொய்தானே. தரையில உட்கார வேணாம், உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லிட்டேன், பின்னாடி ஒரு ஃபேனும் வச்சிருக்கு.

…இன்னும் என்னங்க.

…சத்தமா? என்ன சத்தம்… ஓ. அசைஞ்சா சரக்குங்குமா. மாப்பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காரும்போது முன்னாடி மைக் இருக்கும்… அதுதான் பயமா? காலையிலேர்ந்து இதைத்தான் மனசுல வச்சுக்கிட்டு இருந்தீங்களா… இல்லைங்க, சிரிக்கல. எனக்கு எங்க சிரிப்பு வருது.

சரி, ஒண்ணு செய்யுங்க. போனை ஆஃப் பண்ணாம சட்டைப் பாக்கெட்ல போடுங்க… கீழ் பாக்கெட்ல, இடுப்புகிட்ட இருக்கே, அதுல. வேனை விட்டு இறங்கி ஹால் வாசல் வரைக்கும் நடங்க. நான் கேட்டுச் சொல்றேன்… உள்ளதைத்தான் சொல்வேன். இறங்குங்க.

…

கதவு… ம்… செருப்பு… நடக்குறாரு…

கேக்குது. கொஞ்சம் கேக்கத்தான் செய்யுது. சரக், சரக்னு… கேட்டா கேக்கட்டும். யாரோ சலாம் சொல்றாங்க. பதில் சொல்றாரு. குரல் நல்லாத்தான் இருக்கு… இந்தா, அந்த வரியைச் சொல்லிக்கிட்டே வராரு. நிகாஹ்கான் டிகாவ்… திக்காம சொல்றாரு. அல்லாஹ்வே, இப்படியே உள்ள வந்துரட்டும்.

…ஹலோ. ஆங், சொல்லுங்க… இல்லைங்க. ஒண்ணும் கேக்கல. செருப்புச் சத்தந்தான் கேட்டுச்சு… சுத்தமா கேக்கல… நான் எதுக்குப் பொய் சொல்லணும்… ஆமா… ஆமாங்க. ஷிரீன் பார்த்துட்டா, எந்திரிச்சு நிக்கிறா. உள்ள போங்க.

…என்னது? அல்லாஹ் மேல சத்தியமா சொல்லணுமா?

…ஹலோ… ஹலோ? படிக்கட்டுல லைன் சரியில்லைங்க, நீங்க பேசுறது விட்டு விட்டு வருது. ஹலோ… ஒண்ணும் கேக்கலைங்க. நான் வைக்கிறேன்.