மகளுக்குக் கொண்டுபோன சாம்பல்

1963 ஆவணி ஒன்பது, காலை 10.20, மேகமூட்டம். சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பேருந்தில் எனக்கு நேர் முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவள் மடியில் ஒரு துணி மூட்டை.

"என்ன மதினி, மகளுக்குப் பலகாரமா?"

"சாம்பல்டி. அச்செழுத்து வார்க்க ஈயம் உருக்குற பட்டறையில அள்ளுனது. பாத்திரம் தேச்சா மொகம் பாக்கலாம்."

"அதான் அண்ணன் ஒங்க சட்டியப் பாத்துத் தலை சீவுறாராக்கும்! அவரு வயித்துவலிக்கு டாக்டரு என்ன சொன்னாரு?"

"ஈயம் உள்ள போயிருக்காம். பட்டறையில வேலை பாக்குறவருக்குப் போகாதா?"

"பட்டறைப் பக்கமே போகாத நீங்க ஏன் வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கீக?"

"எனக்கு அது சூட்டுவலிடி."

"அந்தச் சூடு இந்தச் சாம்பல் தேய்க்கிற வீட்டுக்கு மட்டுந்தான் வருதாக்கும். மகளுக்கு எத்தன மாசம்?"

"அஞ்சு."

"பேரப்பிள்ளைக்கு இப்பவே சீரு கொண்டுபோறீக, மதினி!"

மூத்தவள் மூட்டையை மடியிலிருந்து எடுத்தாள். பிறகு அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, முடிச்சை அவிழ்த்து உதறினாள். ஓடும் பேருந்தின் காற்று, பாதிச் சாம்பலை என் ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து கொட்டியது.

சட்டை, வேட்டி, துண்டு மூன்றையும் தனியாக வெளுத்து வாங்கியதில் முப்பத்தேழு காசு ஆனது.